மெக்னீசியம் உருமாறும் விதமும் படிகமணி அளவும்

அலுமினியத்திலோ எஃகிலோ படிகமணிகளை, அதாவது உலோகம் ஆக்கப்பட்டிருக்கும் சிறு படிகங்களை, நுணுக்கினால் வலிமை ஏறும். உலோகம் உருமாறும் வழி ஏறக்குறைய பழைய வழியாகவே இருக்கும். மெக்னீசியத்தில் வழியே மாறிவிடுகிறது. ஒரே வேதியியல் கலவையில் செய்த இரண்டு தண்டுகளில் ஒன்றின் மணி 50 மைக்ரான், மற்றதன் மணி 2 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் அழுத்திப் பார்த்தால் தகைவு–திரிபு வரைபடங்கள் (எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு உருமாற்றம் என்று காட்டுபவை) வேறு வேறு உலோகங்களுடையவைபோல் வரும். பட்டறையில் கிரெயின் சைஸ் என்று சொல்லப்படும் இந்த ஒரு எண், வலிமையைத் தீர்மானிப்பதற்கு முன்னால் எந்த இயக்கமுறை திரிபைச் சுமக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மற்ற விளைவுகள் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

மெக்னீசியத்தின் அணுக்கள் அறுகோண நெருக்க அடுக்கில் அமைந்தவை. அந்த அறுகோணத் தூணின் உயரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் உள்ள விகிதம் 1.624. லட்சிய மதிப்பான 1.633-க்கு இது மிக அருகில் இருக்கிறது. டிஸ்லொகேஷன்கள், அதாவது படிக அடுக்கில் உள்ள கோட்டுக் குறைகள், எளிதாக வழுக்கி ஓடுவது தூணின் அடித்தளத்தில்தான். தூய மெக்னீசியத்தின் ஒற்றைப் படிகத்தில் அடித்தள வழுக்கலைத் தொடங்க அரை மெகாபாஸ்கல் அளவு சறுக்குத் தகைவே போதும். தூணின் பக்கத் தளங்களில் வழுக்க அறை வெப்பநிலையில் சுமார் 40 மெகாபாஸ்கல் வேண்டும். தூணின் அச்சு நெடுகவும் திரிபு தரக்கூடிய சாய்தள வழுக்கலும் அதேபோலக் கடினமானது. உலோகக்கலவையில், பல மணிகள் சேர்ந்த நிலையில், இந்த இடைவெளி வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் வரிசை மாறுவதில்லை.

ஒரு மணி தன் அண்டை மணிகளோடு பிளவுபடாமல் எந்த வடிவுக்கும் மாற வேண்டுமானால் ஒன்றையொன்று சாராத ஐந்து வழுக்கு வழிகள் தேவை என்பது ஃபான் மீசஸ் நிபந்தனை. அடித்தளம் தருவது இரண்டு. பக்கத்தளம் இன்னும் இரண்டு. இந்த நான்கும் சேர்ந்தாலும் தூணின் அச்சுத் திசையில் மணியை நீட்டவோ சுருக்கவோ முடியாது. அந்தக் குறையை நிரப்ப வருவது ட்வின்னிங்: படிகத்தின் ஒரு பட்டை மொத்தமாகச் சாய்ந்து, பக்கத்துப் பகுதியின் கண்ணாடிப் பிம்பமாக நிற்பது.

மெக்னீசியத்தில் அதிகம் தோன்றுவது நீட்சி ட்வின். தூணின் அச்சு நெடுக இழுக்கும்போதோ, அச்சுக்குக் குறுக்கே அழுத்தும்போதோ இது பிறக்கும். படிகத்தின் அச்சை ஒரேயடியாக சுமார் 86 பாகை திருப்பிவிடும். இதனால் அச்சுத் திசையில் கிடைக்கும் நீட்சி அதிகபட்சம் 6.5 சதவீதத்தை ஒட்டியது, அதற்கு மேல் இல்லை. அச்சு நெடுக அழுத்தும்போது பிறக்கும் சுருக்க ட்வினுக்கு அதிகத் தகைவு வேண்டும். அது மெல்லியதாகவே இருக்கும். பல வேளைகளில் அதற்குள்ளேயே நீட்சி ட்வின் பிறந்து இரட்டை ட்வின் ஆகிறது. இந்த இரட்டை ட்வின்னுக்குள் அடித்தள வழுக்கல் குவிந்து, திரிபு ஒரு மெல்லிய பட்டையில் ஒடுங்கிப்போகும். விரிசல் அங்கே தொடங்குகிறது. அறை வெப்பநிலையில் மெக்னீசியத் தகடு வளைக்கும்போது திடீரென உடைவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இரண்டு கோடுகள், இரண்டு சாய்வுகள்

1951-இல் ஹாலும் 1953-இல் பெட்சும் எஃகுக்கு நிறுவிய உறவை எல்லோரும் படித்திருப்போம்: யீல்டு தகைவு (நிரந்தர உருமாற்றம் தொடங்கும் தகைவு) = அடிப்படைத் தகைவு + (கெழு ÷ மணி விட்டத்தின் வர்க்கமூலம்). மெக்னீசியத்தில் இந்தக் கெழு பெரியது. ஏஇசட்-31 (அலுமினியமும் துத்தநாகமும் சேர்ந்த மெக்னீசியக் கலவை) போன்ற கலவைகளில் பொதுவாக 200 முதல் 300 வரை வரும் (மெகாபாஸ்கல், மைக்ரான் அலகில்). அலுமினியத்தில் 100-க்குக் கீழே நிற்கும். எளிய வழுக்கு வழிகள் குறைவு என்பதால் ஒரு மணியில் கிளம்பிய வழுக்கல் அடுத்த மணிக்குத் தாண்டுவது கடினம். எல்லை ஒவ்வொன்றும் வலுவான தடையாகிறது. மெக்னீசியத்தில் மணியை நுணுக்குவது இவ்வளவு பலன் தருவது அதனால்தான்.

இந்தச் சமன்பாட்டை ஒரே கோடாகப் பயன்படுத்தினால் தவறு நேரும். வழுக்கலுக்கு ஒரு கோடு, ட்வின்னிங்குக்கு இன்னொரு கோடு. ட்வின் கோட்டின் அடிப்படைத் தகைவு குறைவு, சாய்வு அதிகம். விளக்கத்துக்காக, எக்ஸ்ட்ரூஷன் செய்த, அதாவது அச்சுத் துளை வழியே பிதுக்கி எடுத்த, ஏஇசட்-31 தண்டின் மதிப்புகளை ஒட்டிய எண்களை எடுத்துக்கொள்வோம்: வழுக்கலுக்கு அடிப்படை 90, கெழு 280, ட்வின்னிங்குக்கு அடிப்படை 20, கெழு 350.

மணி 100 மைக்ரான் என்றால் வழுக்கலுக்கு 118 மெகாபாஸ்கல், ட்வின்னிங்குக்கு 55. மணி 25 மைக்ரான் ஆனால் 146-ம் 90-ம். மணி 4 மைக்ரானில் 230-ம் 195-ம். 1 மைக்ரானில் இரண்டும் 370. எந்தத் தகைவு குறைவோ அந்த முறையே முதலில் தொடங்கும் என்பதால், பெரிய மணிகளில் ட்வின் முந்திக்கொள்கிறது. மணி சிறுக்கச் சிறுக்க அதன் முன்னிலை தேய்ந்து, ஒரு புள்ளியில் வழுக்கல் கைமாற்றிக்கொள்கிறது. அந்தப் புள்ளி கலவைக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப நகரும். சூடு ஏறினால் அடித்தளமல்லாத வழுக்கல்களின் தகைவு வேகமாக விழும். ட்வின்னின் தகைவு அவ்வளவு விழாது. ஆகவே அறை வெப்பநிலையில் 1 மைக்ரானை ஒட்டி நிகழும் கைமாற்றம், 150–200 பாகை செல்சியஸில் இன்னும் பெரிய மணிகளிலேயே நிகழ்ந்துவிடும்.

ட்வின் ஏன் மணி அளவுக்கு இவ்வளவு கூச்சப்படுகிறது? ட்வின் பிறப்பதற்கு மணி எல்லையில் உள்ளூர்த் தகைவுக் குவியல் வேண்டும். பெரிய மணிக்குள் டிஸ்லொகேஷன்கள் நீண்ட வரிசையில் நெருக்கியடித்து எல்லையில் அழுத்த முடியும். சிறிய மணியில் அந்த வரிசைக்கு இடமில்லை. தவிர, ட்வின் தடிக்கும்போது சுற்றியுள்ள மணிகளைத் தள்ள வேண்டும். மணி சிறிதானால் எல்லை பக்கத்திலேயே வந்து எதிர்த்தள்ளுகிறது.

வரைபடத்தின் வடிவமே சாட்சி

எக்ஸ்ட்ரூஷன் செய்த தண்டில் பெரும்பாலான மணிகளின் அச்சு தண்டின் நீளத்துக்குச் செங்குத்தாக நிற்கும். தண்டை நீளவாக்கில் இழுத்தால் ட்வின்னுக்குச் சாதகமான நிலை இல்லை, வழுக்கல்தான் வேலை செய்யும். அதையே நீளவாக்கில் அழுத்தினால் ஏறக்குறைய எல்லா மணிகளும் நீட்சி ட்வின்னுக்குத் தோதாக நிற்கின்றன. பெரிய மணித் தண்டுகளில் அமுக்க யீல்டு வலிமை இழுவிசை யீல்டு வலிமையில் பாதியளவே இருப்பது இதனால்தான். மேலே போட்ட கணக்கிலும் விகிதம் 100 மைக்ரானில் 0.47, 25 மைக்ரானில் 0.62, 4 மைக்ரானில் 0.85 என்று ஏறுகிறது. வளைவைத் தாங்கும் பாகத்தில் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். இழுவிசைச் சோதனை மதிப்பை மட்டும் நம்பி வடிவமைத்தால் அமுங்கும் பக்கம் எதிர்பார்த்ததைவிட வெகு முன்னதாகவே இளகிவிடும்.

வரைபடத்தின் வடிவைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லலாம். ட்வின் ஆளும் அமுக்கத்தில் யீல்டு தாழ்வாக வரும். பிறகு சில சதவீதத் திரிபுக்குக் கோடு கிட்டத்தட்ட தட்டையாகப் போகும். 5–6 சதவீதத்தை நெருங்கும்போது செங்குத்தாக ஏறும். ட்வின்னால் கிடைக்கக்கூடிய திரிபு தீர்ந்து, திரும்பிய மணிகள் இப்போது கடினமான திசையில் நிற்பதுதான் அந்த ஏற்றம். வழுக்கல் ஆளும்போது கோடு யீல்டுக்குப் பின் சீராக வளைந்து மெல்லத் தணியும். 2004-இல் மேத்யூ பார்னெட் குழுவினர் ஏஇசட்-31-இல் மணி அளவை மட்டும் மாற்றி, அமுக்கத்தில் இந்த ஒரு வடிவிலிருந்து மற்ற வடிவுக்கு மாறுவதை அளந்து காட்டினார்கள். நுண்ணோக்கி கையில் இல்லாதபோது, அமுக்க வரைபடத்தில் அந்த வளைவு மாறும் முழங்கால் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல முதல் சோதனை.

ஒரு எச்சரிக்கை. திசையமைவை, அதாவது டெக்ஸ்சரை, ஒதுக்கிவிட்டு மணி அளவை மட்டும் பேசினால் எண்கள் ஒன்றோடொன்று சண்டையிடும். ஒரே தகட்டை உருட்டிய திசையிலும் தடிமன் திசையிலும் சோதித்தால் இரு வேறு கெழுக்கள் கிடைக்கும். மணியை நுணுக்கும் பெரும்பாலான முறைகள் டெக்ஸ்சரையும் கூடவே மாற்றிவிடுவதால் சிக்கல் இன்னும் கூடுகிறது. சம கோணப் பாதை அழுத்தம் அதாவது ஈக்கேப் முறையில் (உலோகத்தை மடங்கிய பாதை வழியே தள்ளி மணியை நுணுக்குவது), மணி சிறுத்தும் யீல்டு வலிமை குறைந்த சோதனைகள் உண்டு: அடித்தளங்கள் இழுவிசைக்கு 45 பாகை அளவுக்குச் சாய்ந்து வழுக்கல் எளிதாகிவிட்டது. நுணுக்கத்தால் வந்த லாபத்தை டெக்ஸ்சர் விழுங்கிவிட்டது. மணி அளவின் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், ஒரே உருட்டிய தகட்டை வெவ்வேறு வெப்பநிலையில் அனீல் செய்து, அதாவது சூட்டில் வைத்திருந்து, மணியை வளர்ப்பதுதான் நேர்மையான வழி. அதிலும் டெக்ஸ்சரைச் சரிபார்த்தாக வேண்டும்.

சில மைக்ரானுக்குக் கீழே

மணி எல்லைக்கு அருகில், அண்டை மணிகள் ஒன்றோடொன்று பொருந்திப்போக வேண்டிய கட்டாயத்தால் கூடுதல் தகைவு எழுகிறது. அந்தத் தகைவு, சாதாரணமாக உறங்கிக் கிடக்கும் பக்கத்தள வழுக்கலையும் சாய்தள வழுக்கலையும் எழுப்பிவிடும். 50 மைக்ரான் மணியில் இது எல்லையோரத்துச் சிறு வளையம் மட்டும். 5 மைக்ரான் மணியில் அந்த வளையமே மணியின் பெரும்பகுதி. எனவே நுண்மணி மெக்னீசியம் வலிமையோடு சேர்த்து நீட்சியும் பெறுகிறது. வலிமை ஏறினால் நீட்சி விழும் என்ற வழக்கமான பேரம் இங்கே ஓரளவுக்குத் தளர்கிறது. விரிசலுக்கு வித்திடும் இரட்டை ட்வின்களும் நுண்மணியில் அரிதாகின்றன. தோன்றினாலும் அவற்றின் நீளம் மணியின் நீளத்தைத் தாண்டாது.

நுணுக்கிக்கொண்டே போனால் எல்லாம் நன்மை என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. 1–2 மைக்ரானை எட்டும்போது வேலைக் கடினமாதல், அதாவது உருமாற உருமாற உலோகம் கடினமாவது, சரிகிறது. டிஸ்லொகேஷன்கள் மணிக்குள் தேங்காமல் எல்லையில் போய் மறைகின்றன. யீல்டில் தகைவு ஒரு படி விழுந்து, பிறகு தட்டையாக ஓடும். திரிபு ஒரு பட்டையில் குவியத் தொடங்கும். கடினமாதல் இல்லாத உலோகம் சீராக நீளாது. ஆகவே யீல்டு வலிமை மிக அழகாக இருந்தும் சீரான நீட்சி மிகச் சிறியதாக இருக்கும். சோதனை அறிக்கையில் மொத்த நீட்சியை மட்டும் எழுதினால் இந்தக் குறை வெளியே தெரியாது. சீரான நீட்சியைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

இந்த அளவுகளில் அறை வெப்பநிலையிலேயே மணிகள் எல்லையில் ஒன்றன்மேல் ஒன்று நகரத் தொடங்குகின்றன. மெக்னீசியத்தின் உருகுநிலை 650 பாகைதான் என்பதால் அறை வெப்பநிலையே அதன் கெல்வின் உருகுநிலையில் மூன்றில் ஒரு பங்கு. எல்லையில் அணுக்கள் ஊர்வதற்கு அது போதும். 2017-இல் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தூய மெக்னீசியத்தை 80 பாகைக்கு மேற்படாத வெப்பநிலையில் எக்ஸ்ட்ரூஷன் செய்து, மைக்ரானைச் சற்றே தாண்டிய மணிகளோடு எடுத்தார்கள். அது அறை வெப்பநிலையில் உடையாமல் மடங்கியது, மெல்லிய தகடாகக் குளிர்நிலையில் உருண்டது. வழக்கமான தூய மெக்னீசியம் குளிர்நிலையில் சிறிது உருட்டியதுமே ஓரத்தில் கிழியும். இதற்குக் கொடுக்கும் விலை வலிமை: எல்லைகள் நகர ஆரம்பித்த பிறகு ஹால்–பெட்ச் கோடு தலைகவிழ்கிறது, மணி சிறிதாகச் சிறிதாக உலோகம் மென்மையாகிறது. திரிபு வேகத்தையும் கவனிக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் நீளும் அதே துண்டு, வேகமாக இழுத்தால் எல்லை நகர நேரமின்றி முன்னதாகவே உடையும். கலந்த தனிமங்கள் எல்லையில் ஒதுங்கி நின்று நகர்வைத் தடுக்கும் கலவைகளில் இந்த விளைவு மங்கலாகவே தெரியும். தூய மெக்னீசியத்தில் கண்டதை ஏஇசட்-31-இல் எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

சூட்டில் கதை முழுக்கத் தலைகீழ். 300–450 பாகையில், நொடிக்கு பத்தாயிரத்தில் ஒரு பங்கு முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையான திரிபு வேகத்தில், 10 மைக்ரானுக்குக் குறைந்த மணியுள்ள ஏஇசட்-31 அதிநெகிழ்வு (உடையாமல் பன்மடங்கு நீளும்) நிலைக்குப் போய் 300 சதவீதத்துக்கு மேல் நீளும். ஈக்கேப் செய்த இசட்கே-60 (துத்தநாகமும் சிர்கோனியமும் சேர்ந்த மெக்னீசியக்) கலவை 200 பாகையில் 3050 சதவீதம் நீண்டதாக 2008-இல் ஃபிகெரெடோவும் லாங்டனும் அறிவித்தார்கள். சூட்டில் உருவாக்கும் வேலைக்கு நுண்மணி வரம். சூட்டில் சுமை தாங்கும் பாகத்துக்கு அதுவே சாபம். எந்த எல்லை நகர்வு உருவாக்கலை எளிதாக்குகிறதோ அதுவே இயக்கத்தில் ஊர்தலாக, அதாவது சுமையின் கீழ் பாகம் மெல்ல மெல்ல உருமாறுவதாக, வந்து நிற்கும். கியர்பாக்ஸ் உறை போன்ற, 120 பாகையைத் தாண்டும் வார்ப்புகளில் மணியை நுணுக்குவதைவிட எல்லைகளை நிலையான வீழ்படிவுகளால் பூட்டுவதுதான் பலன் தரும்.

மணியை நுணுக்குவதில் எங்கே தவறுகிறது

வார்ப்பில் மிக வலிமையான நுணுக்கி சிர்கோனியம். அதன் படிக அமைப்பும் அறுகோணம்தான், அளவுகளும் மெக்னீசியத்தோடு நெருங்கிப் பொருந்துகின்றன. ஆனால் அலுமினியம், மாங்கனீசு, சிலிக்கன், இரும்பு இவற்றில் ஏதாவது உருகலில் இருந்தால் சிர்கோனியம் அவற்றோடு சேர்மமாகி அடியில் படிந்துவிடும். எனவே ஏஇசட் வரிசைக் கலவைகளுக்கு அது உதவாது. இசட்கே போன்ற அலுமினியமற்ற கலவைகளுக்கு மட்டுமே. உருகலில் கரையக்கூடியது சுமார் 0.6 சதவீதம்தான். கரையாத துகளின் அடர்த்தி 6.5, உருகலினுடையது 1.6-ஐ ஒட்டியது. கிளறியபின் நிறுத்தி வைத்தால் துகள்கள் அடியில் தங்கும், மேலிருந்து ஊற்றும் வார்ப்பில் மணி பெருக்கும். எஃகுக் குடுவையில் அதிகச் சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் கரையும் இரும்பும் சிர்கோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். வேதியியல் பகுப்பாய்வில் மொத்தச் சிர்கோனியம் சரியாகக் காட்டியும் மணி பெரிதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கரைந்த பங்கு எவ்வளவு என்பதைத்தான்.

அலுமினியம் கொண்ட கலவைகளுக்குக் கார்பன் வழி உண்டு. ஒரு காலத்தில் கார்பன் தரும் ஹெக்சாகுளோரோஈத்தேன் வில்லைகளை உருகலில் அமிழ்த்தினார்கள். வெளியாகும் குளோரின் சேர்மங்களின் நச்சுத்தன்மையால் அது கைவிடப்பட்டு வருகிறது. திரவமாகும் வெப்பநிலைக்கு 150–260 பாகை மேலே சூடேற்றி, சட்டென ஊற்றும் சூட்டுக்கு இறக்குவதும் வேலை செய்யும். ஆனால் எரியும் அபாயமும் ஆக்சைடும் கூடும். மெதுவாக இறக்கினால் பலன் போய்விடும்.

எக்ஸ்ட்ரூஷனிலும் உருட்டலிலும் மணியைத் தீர்மானிப்பது இயங்குநிலை மறுபடிகமாதல், அதாவது உருமாறும்போதே புதிய மணிகள் பிறப்பது. சூடு குறைந்து திரிபு வேகம் கூடினால் புதிய மணி சிறியதாக வரும். நடைமுறையில் இரண்டும் எதிரெதிராக இழுக்கும்: ராமை (உலோகத்தைத் தள்ளும் தண்டை) வேகமாகத் தள்ளினால் உருமாற்ற வேலையே உலோகத்தைப் பல பத்துப் பாகை சூடாக்கிவிடும், நினைத்ததைவிடப் பெரிய மணி கிடைக்கும், மேற்பரப்பும் வெடிக்கும். அதனால் நுண்மணி வேண்டுவோர் சூட்டைக் குறைத்து, மெதுவாகத் தள்ளுகிறார்கள். சூட்டை அளவுக்கு மீறிக் குறைத்தால் மறுபடிகமாதல் முழுமையடையாது: நீண்டு கிடக்கும் பழைய பெரிய மணிகளைச் சுற்றி 2–3 மைக்ரான் மணிகள் மாலைபோல் நிற்கும். இத்தகைய தண்டின் சராசரி மணி அளவு 6 மைக்ரான் என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அமுக்கத்தில் ட்வின் அந்தப் பெரிய மணிகளில் முதலில் பிறக்கும். பெரிய மணிகளின் பரப்புப் பங்கைத் தனியே குறிப்பிட வேண்டும்.

அளப்பதில் நேரும் பிழைகள்

மெக்னீசியம் மென்மையானது, அழுத்தித் தேய்த்தால் தேய்ப்பதே ட்வின்களை உண்டாக்கும். அனீல் செய்த துண்டில் ட்வின் தெரிந்தால் முதல் சந்தேகம் மெருகேற்றியவர் கைமேல் விழ வேண்டும். கடைசிக் கட்டத்தில் நீரைத் தவிர்த்து எத்தனாலால் கழுவுவது நல்லது. மணி எல்லையைக் காட்ட வழக்கமான அரிப்பான்: 4.2 கிராம் பிக்ரிக் அமிலம், 10 மில்லி அசிட்டிக் அமிலம், 10 மில்லி நீர், 70 மில்லி எத்தனால். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும். எப்போதும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், மூடியின் மரையில் காய்ந்து படிய விடக்கூடாது.

எண்ணை எழுதும்போது எந்த முறை என்பதையும் எழுத வேண்டும். கோட்டு வெட்டு முறையில் (ஒரு கோடு எத்தனை மணி எல்லைகளை வெட்டுகிறது என்று எண்ணுவது) வரும் சராசரி நீளத்தை அப்படியே தருபவர்களும் உண்டு, அதை 1.74-ஆல் பெருக்கி மணி விட்டமாகத் தருபவர்களும் உண்டு. ஒரே துண்டு ஒருவருக்கு 5 மைக்ரான், மற்றவருக்கு 8.7 மைக்ரான். ஹால்–பெட்ச் கெழுவில் இது மட்டுமே 32 சதவீத வேறுபாட்டை உண்டாக்கும். மணிகளின் திசையைக் காட்டும் எலக்ட்ரான் பின்சிதறல் வரைபடத்தில் அளந்தால், 86 பாகை ட்வின் எல்லைகளை மணி எல்லையாக எண்ணாதபடி நீக்க வேண்டும். மறந்தால், உருமாறிய துண்டின் மணி தானாகவே நுணுங்கிவிட்டதுபோல் தெரியும்.

மெல்லிய பாகங்களில் மணி அளவோடு தடிமனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடலில் கரையும் மெக்னீசிய ஸ்டென்டின் (இரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பிவலையின்) கம்பித் தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர். மணி 30 மைக்ரான் என்றால் குறுக்கே ஐந்தே மணிகள். அதில் ஒன்று கெட்ட திசையில் நின்றாலே விரிக்கும்போது அந்த இடத்தில் ட்வின் குவிந்து கம்பி முறியும், அடுத்த கம்பி முறியாது. சோதனை முடிவுகள் சிதறுவதற்குக் காரணம் தேடி இயந்திரத்தைக் குறைசொல்வதற்கு முன், மணியை 5 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, குறுக்கே முப்பது மணிகளாவது இருக்கும்படி செய்து திரும்பச் சோதிக்க வேண்டும்.